பிரேக் மிதித்தால் அவசரப்படும் சத்தம்

மிதி என்கிறார், மிதிக்கிறேன். விடு என்கிறார், விடுகிறேன். தன் லாரிக்குப் பின்னால் நின்று கத்தும் என் மச்சான் பொன்னுரங்கத்துக்கும் கேபினில் இருக்கும் இந்தப் பிரேக் பெடலுக்கும் நடுவில் நான் ஒரு சாமான், அவ்வளவுதான். எனக்குப் பதில் ஒரு செங்கல்லைப் பெடல்மேல் வைத்தாலும் வேலை நடக்கும். செங்கல்லுக்கு விடத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக என்னை வரவழைத்திருக்கிறார். அதுவும் நேராகக் கூப்பிடவில்லை. தன் தங்கைக்கு, அதாவது என் மனைவி சாரதாமணிக்குப் போன் செய்து, "அவரு சும்மாத்தான இருக்காரு, சித்த நேரம் வரச்சொல்லு, லைட்டுப் பாக்க முன்னால ஒரு ஆள் வேணும்" என்றாராம். சும்மாத்தான் இருக்கிறேன். லைசென்ஸைப் பிடுங்கிவைத்துக்கொண்டால் லாரி டிரைவர் வேறு எப்படி இருப்பான். நிற்கிற வண்டியில் பிரேக் மிதிப்பது வண்டி ஓட்டுவதாகுமா என்று வருகிற வழியெல்லாம் யோசித்தேன். எனக்கு இப்படி ஒரு வியாதி உண்டு, எதையும் வரையறுத்துப் பார்க்காமல் செய்ய முடியாது. ஓட்டுவது என்றால் நகர்த்துவது, நகர்த்தாதவன் ஓட்டவில்லை, ஆகவே குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சீட் என்னை மறந்துவிட்டிருந்தது. புது டிரைவர் மாதையன் அதை முன்னால் இழுத்துப்போட்டிருக்கிறான், குள்ளன். நான் வைத்திருந்த பழைய தலையணை இல்லை. கண்ணாடிக்கு மேல் செருகியிருந்த என் புத்தகங்களும் இல்லை. அந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம் காய்ந்து கிடக்கிறது. பழம் படிக்காது, போலீஸ் ஸ்டேஷனில் அதைப்பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

"ரைட்டுப் போடு!" போட்டாயிற்று. டிக், டிக், டிக் என்று டேஷ்போர்டுக்கு உள்ளிருந்து ஃபிளாஷர் நிதானமாக அடிக்கிறது, அதன் தாளத்துக்குப் பச்சை அம்பு விழித்து மூடுகிறது. "எரியுது! ஆஃப் பண்ணு! பிரேக்கு!" மிதித்தாயிற்று. "அதும் எரியுது! எல்லாம் எரியுதே, அந்த மாதையன் என்னத்தப் பாத்தான்?" பக்கத்துப் போர்வெல் ரிக் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் யாரோ இரும்பை அடிக்கிறார்கள். திருச்செங்கோட்டில் இரும்பு ஓய்வதில்லை. வெயில் கண்ணாடி வழியாக என் தொடைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்க மிர்ரரில் மச்சானின் முழங்கை மட்டும் தெரிகிறது, போகிறது. முன்பெல்லாம் 'ரைட்டுப் போடுங்க மாப்ள' என்பார். தங்கையைக் கட்டியவனுக்கு இந்தப் பக்கம் அந்த மரியாதை உண்டு, கோபத்திலும் உண்டு, கடன் கேட்கும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக உண்டு. என் வண்டியில் அடிபட்டுக் குழந்தைவேலுவின் கால் போன அன்று அதுவும் போயிற்று. கால் போனது அவனுக்கு, மரியாதை போனது எனக்கு. இரண்டில் எது பெரிது என்று ஒப்பிடுவது அசிங்கம், ஆனாலும் மனம் தராசை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. "ரைட்டு!" என்று மறுபடி கத்துகிறார். நான் வேண்டுமென்றே லெஃப்ட் போடுகிறேன். "ரைட்டுன்னா ரைட்டு! சோத்துக்கைப் பக்கம்!" "உங்க சோத்துக்கையா, என் சோத்துக்கையா மச்சான்?" "ரெண்டு பேருக்கும் ஒரே பக்கந்தான்! நானும் லாரியப் பாத்துத்தான நிக்கறேன்!" ஆமாம், சரிதான். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துத்தான் இருக்கிறோம், அவருக்கு என் முதுகு, எனக்கு வெறும் சுவர். எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் சாமிக்கே வலது பாதி ஒருவர், இடது பாதி ஒருவர். ஆனால் அங்கே இரண்டு பாதியும் ஒத்துப்போய்விட்டன.

மாதையன் சொன்னானாம். என்ன சொன்னானாம்? 'ராத்திரில ரைட்டு போட்டா பின்னால வர்றவனுக்குத் தெரியறதில்லீங்க, லைட்ட அடிச்சுத் திட்டறானுங்க' என்று சொன்னானாம். வந்து ஒரு வாரம் ஆகாத ஆள் சொன்னதும் மச்சான் பல்பும் டெஸ்டரும் வாங்கிவந்துவிட்டார். இதையே நான் சொன்னேன். இதே கேபினுக்குக் கீழே, கையில் டீ கிளாஸோடு நின்று, பெயிண்ட் அடித்து எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுத்து வந்த புதிதில் சொன்னேன். "மச்சான், சாயங்காலத்துல ரைட்டு போட்டுட்டு பிரேக்க மிதிச்சா இந்த டிக்டிக் சத்தம் அவசரப்படுதுங்க. ஒரு பல்பு ஃபியூஸானா அடிக்கற மாதிரி அடிக்குது. காலை எடுத்தா சரியாயிடுது." அவர் சிரித்தார். டீ மீசையில் தெறிக்கச் சிரித்தார். "பிரேக்கு வயரு வேற, இண்டிகேட்டர் வயரு வேற. இதுக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்? புஸ்தகம் படிச்சுப் படிச்சு உங்க காதுக்குள்ள கதை கேக்குது மாப்ள." அப்போது 'உங்க' இருந்தது. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன், ரைட் எரிந்தது. மேலேறிப் பிரேக்கை மிதித்துவிட்டு மறுபடி இறங்கிப் பார்க்க முடியுமா? இறங்கினால் கால் பிரேக்கில் இருக்காது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாதது போலத்தான், ஓட்டுகிறவனுக்குத் தன் பின்விளக்கு. யாரோ ஒருவர் சொல்ல வேண்டும், அதை நம்ப வேண்டும். உலகத்தில் ஒருவன் மற்றொருவனை நம்பியே தீரவேண்டிய காரியங்களைப் பட்டியல் போட்டால் இதையும் சேர்க்கலாம்.

"விடு! விட்டுட்டியா?" விட்டுவிட்டேன். அன்று விடவில்லை. அன்று மாவு மில்லுக்குத் திரும்புகிற இடம், வெளிச்சம் மங்குகிற நேரம், பார்க் லைட் போட்டிருந்தேன். எதிரே ஒரு பஸ் வந்தது, அது போகட்டும் என்று பிரேக்கை மிதித்துக்கொண்டே மெல்ல நகர்ந்தேன். ரைட் போட்டிருந்தேன். போட்டிருந்தேனா? இதோ, இந்த இடத்தில்தான் எப்போதும் முள் குத்துகிறது. போலீஸ்காரர் கேட்டபோது போட்டேன் என்றேன். வக்கீல் கேட்டபோது போட்டேன் என்றேன். சாரதாமணி கேட்கவே இல்லை, அவளுக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தச் சொல் தேய்ந்து, அதற்குள் இருந்த கை காணாமல் போய்விட்டது. இப்போதெல்லாம் படுத்துக்கொண்டு என் இடது கையைக் காற்றில் தூக்கி அந்த லீவரைத் தட்டிப்பார்க்கிறேன். கை ஞாபகமாகத்தான் தட்டுகிறது. ஆனால் கை ஆயிரம் தடவை தட்டியிருக்கிறது, அன்றைக்குத் தட்டியதா என்பதற்கு ஆயிரமும் சாட்சி சொல்லாது. சத்தம் கேட்டதா? அவசர டிக்டிக் கேட்டதாகத்தான் நினைவு. நினைவு என்பது நாமே எழுதி நாமே கையெழுத்துப் போடுகிற சாட்சி. குழந்தைவேலு தறி மெக்கானிக், வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவன். வலப்பக்கமாக என்னைத் தாண்டப் பார்த்தான், நான் திரும்பிவிட்டேன். சக்கரத்தின் கீழே முதலில் ஹெல்மெட் என்று நினைத்தேன். ஹெல்மெட் இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "லைட்டே எரியலீங்க." நான் சொன்னதும் ஒரே ஒரு வாக்கியம். இரண்டு வாக்கியமும் நிஜமாக இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வண்டியைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பட்டப்பகலில் ஒவ்வொன்றாகப் போடச்சொல்லிப் பார்த்தார். ரைட், எரிகிறது. பிரேக், எரிகிறது. பார்க் லைட், எரிகிறது. வண்டியில் குறை இல்லை. வண்டியில் குறை இல்லையென்றால் குறை யாரிடம்?

அதைச் சொல்வதற்கு மச்சான் இருந்தார். ஸ்டேஷனில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, என் தோள்மேல் கைபோட்டபடி, ரொம்பவும் வருத்தமாகச் சொன்னார். "நல்ல மனுசந்தாங்க. கவனந்தான் பத்தாது. வண்டியிலயே புஸ்தகம் வெச்சிருப்பாரு. போட்டேன்னு அவர் நினைச்சிருக்கலாமுங்க." ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஒருமாதிரி என்னைப் பார்த்தார். சாராயம் குடித்த டிரைவரைப் பார்த்திருக்கிறார், தூங்கிய டிரைவரைப் பார்த்திருக்கிறார், படித்த டிரைவர் அவருக்குப் புதிது. நான் லோடு இறக்கக் காத்திருக்கும்போதுதான் படிப்பேன், கியரைப் போட்டுக்கொண்டு ஒருவனும் படிக்கமுடியாது என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் சொல்கிறவன் குற்றவாளி. மச்சான் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. வண்டியில் குறை என்றால் இன்சூரன்ஸ்காரன் குழந்தைவேலுவுக்குக் கொடுத்துவிட்டு மச்சான் கழுத்தில் துண்டைப் போடுவான், லாரி போகும், லாரிக் கடனுக்கு அடமானம் வைத்த வீடும் போகும். டிரைவரிடம் குறை என்றால் டிரைவர் ஜெயிலுக்குப் போவான், வண்டி ரோட்டுக்குப் போகும். அடுத்த வாரம் விசாரணை. மச்சான் சாட்சிக்கூண்டில் ஏறி மறுபடி என் தோள்மேல் கைபோடுவார். சாரதாமணி இரண்டு பக்கமும் பேசாமல் சாதம் வடிக்கிறாள். ஒருநாள் மட்டும், கஞ்சி கையில் கொட்டிக்கொண்ட அன்று, "அண்ணன் பொய் சொல்ற ஆளில்லீங்க" என்றாள். அப்போ நான்? அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் பழகிய பாத்திரத்தில் ஓட்டை விழுந்தால் தட்டிப்பார்க்கத்தான் தோன்றும், தூக்கிப்போடத் தோன்றாது. அவள் என்னை அப்படித்தான் தட்டிப்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மாதையன் ராத்திரின்னுதான சொன்னான்," என்று பின்னால் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். பிறகு உரக்க, "பார்க் லைட்டையும் போடு! ரைட்டப் போடு! பிரேக்கையும் மிதி! மூணும் சேத்து!" மூன்றும் சேர்த்து. கை லீவரைத் தட்டுகிறது. டிக், டிக். கால் மிதிக்கிறது. டிக்டிக்டிக்டிக்டிக். ஐயோ. இதோ. இதோ இதோ இதோ என்று டேஷ்போர்டுக்குள் ஒரு பூச்சி அலறுகிறது. பச்சை அம்பு கண் சிமிட்டச் சிமிட்ட நடுங்குகிறது. இதுதான் அந்தச் சத்தம். இதைத்தான் நான் மாவு மில் முன்னால் கேட்டேன், எதிரே பஸ் ஹெட்லைட், காலடியில் பெடல், காதில் இது. ரைட் போடாமல் இது அடிக்காது. போட்டேன். நான் போட்டேன். யாராவது பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன், எலுமிச்சம்பழம்தான் இருக்கிறது. பின்னால் மச்சான் எரியுது என்றும் சொல்லவில்லை, எரியல என்றும் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தைவேலு பார்த்ததை, முதல்முறையாகத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். மிர்ரரில் முழங்கை அசையவில்லை.

பிறகு சத்தம் நிதானமாகிறது. டிக், டிக். என் கால் இன்னும் பெடலில்தான் இருக்கிறது, ஒன்றையும் அணைக்கவில்லை. மறுபடி அவசரம். மறுபடி நிதானம். எனக்கு முதுகில் கண் முளைத்ததுபோல் எல்லாம் தெரிகிறது: ஒரு துண்டு வயரை எடுத்து ஒரு முனையை லைட்டின் தகரத்திலும் மறுமுனையை வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸிலும் வைக்கிறார், வைத்தால் நன்றாக எரிகிறது, எடுத்தால் செத்துப்போகிறது. எர்த். போகிற கரண்டுக்குத் தனித்தனி வயர் உண்டு, திரும்பி வருகிறதற்கு மூன்று பல்புக்கும் ஒரே வழி, லைட்டைத் தாங்குகிற அந்தத் தகரமும் போல்ட்டும்தான். வழி குறுகிப்போனால் ஒரு ஆள் போய்வரலாம், மூன்று பேர் ஒன்றாகப் போனால் நெரிசலில் மூன்று பேரும் மூச்சு முட்டி நிற்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவனும் நான் யோக்கியன் என்று எரிந்து காட்டுவான். பிரேக் இன்ஸ்பெக்டர் தனித்தனியாகத்தான் கேட்டார். சரி, வழி எப்படிக் குறுகியது? எஃப்.சி.க்கு வண்டி நிற்கும்போது எல்லா ஊரிலும் பெயிண்டர்கள் லைட்டைச் சுற்றித்தான் அடிப்பார்கள். எங்கள் மச்சானுக்குத்தான் அரைகுறை வேலை ஆகாதே. செங்காவிப் பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "லைட்டக் கழட்டிட்டு அடியிலயும் அடிங்க யூசுப்பு, துரு ஏறக்கூடாது, ரெண்டு கோட்டிங் அடிங்க" என்று கழட்டவைத்து, காயுமுன்னே மாட்டவைத்தார். தகரத்துக்கும் சேசிஸுக்கும் நடுவில் இரண்டு கோட்டிங் செங்காவி. எஃப்.சி.யில் வண்டி கல்யாணப்பெண் போல நின்றது. ஆபீசர் பாராட்டினார்.

இப்போது சொல்வார். மாப்ள, இறங்கி வாங்க, இதைப் பாருங்க என்று இப்போது கூப்பிடுவார். தொண்டையைச் செருமுகிறார், அதுதான் ஆரம்பம். இல்லை, ஸ்பேனர் விழுகிற சத்தம். போல்ட் முனகுகிறது. அப்புறம் சர்க், சர்க், சர்க். உப்புத்தாள். சுரண்டுகிறார். சேசிஸின் மேலிருக்கும் பெயிண்டை, என் சாட்சியை, குழந்தைவேலுவின் சாட்சியை, உலகத்தில் இருக்கும் ஒரே ஒரு உள்ளங்கை அகலச் சாட்சியைச் சுரண்டிக் கீழே தள்ளுகிறார். நிறுத்துங்க என்று நான் கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று பிற்பாடு என்னை நானே நிறையக் கேட்கப்போகிறேன், அதனால் இப்போதே பதிலை எடுத்துவைக்கிறேன்: அவர் வாயால் வரட்டும் என்ற வீம்பு. கேட்டு வாங்குகிற உண்மை பிச்சை என்ற திமிர். புத்தகம் படிக்கிறவனின் திமிர்தான், அதில் மச்சான் சொன்னது சரி. கால் மரத்துப்போகிறது. விடு என்று அவர் சொல்லவில்லை, நானும் விடவில்லை. செங்கல்லைவிட நான் எந்த வகையில் மேல் என்று காலையில் யோசித்ததற்கு இப்போது பதில் இல்லை. சர்க், சர்க். பட்டறையில் இரும்படிக்கிறவன் சாப்பிடப் போய்விட்டான்போல. சுரண்டும் சத்தத்தை மறைக்க ஊரில் வேறு சத்தமே இல்லை. ஸ்பேனர் மறுபடி சுற்றுகிறது. ஃபிளாஷர் நிதானத்துக்கு வருகிறது: டிக், டிக், டிக். காலைப் பெடலில் வைத்திருக்கும்போதே நிதானம். எஃப்.சி. எடுத்து வந்த நாளுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

"என்ன மச்சான் ஆச்சு?" என்று கத்துகிறேன். குரல் சாதாரணமாகத்தான் வருகிறது. "ஒண்ணுமில்லீங்க மாப்ள! பல்பு லூசு! டைட் பண்ணிட்டேன்! இறங்குங்க, டீ சாப்பிடலாமுங்க!" இறங்குங்க. சாப்பிடலாமுங்க. போன மரியாதை எல்லாம் ஒரே வாக்கியத்தில் மூட்டைகட்டி வந்து இறங்கியிருக்கிறது. குழந்தைவேலுவின் கால் மட்டும்தான் பாக்கி. பல்பு லூசு. பல்பு லூசானால் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் லூசாகுமா? அவருக்குத் தெரியும், அவர் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார், பின்னால் நிற்கிறவனுக்குக் கண் இருப்பதுபோல முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் காது இருப்பது அவருக்கு ஞாபகமில்லை. அடுத்த வாரம் கூண்டில் ஏறி வண்டியில் குறையில்லை என்பார், இப்போது அது உண்மையாகவும் ஆகிவிட்டது. பொய்யைச் சொல்லிவிட்டு, உலகத்தைத் திருத்தி அதை உண்மையாக்குவது பெரிய சாமர்த்தியம். நான் ரைட்டை அணைக்கிறேன். கை, நான் சொல்லாமலே, லீவரை மறுபக்கம் தட்டுகிறது. லெஃப்ட். பார்க் லைட் எரிந்துகொண்டிருக்கிறது. பிரேக் காலில் இருக்கிறது.

டிக்டிக்டிக்டிக்டிக்.

சிரிப்பு வருகிறது. அரைகுறை வேலை ஆகாத மனிதர். ரெண்டு பக்கமும் கழட்டி, ரெண்டு பக்கமும் அடியில் அடிக்கச்சொன்னவர். "லெஃப்ட் எதுக்குங்க மாப்ள? லெஃப்ட்டு நல்லாத்தான இருக்கு!" என்கிறார், குரலில் ஒரு நூல் அறுந்துபோகிறது. சாவியைத் திருப்பி உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறேன். மரத்த கால் தரையில் ஊசியாகக் குத்துகிறது. பின்னால் போனால் அவர் கையில் உப்புத்தாள் இல்லை, எங்கேயோ ஒளித்துவிட்டார். ஆனால் நகக்கண்ணெல்லாம் செங்காவி, மருதாணி வைத்துக்கொண்ட மாதிரி. மண்ணிலும் கொஞ்சம் உதிர்ந்து கிடக்கிறது. அவர் என் கண் போகிற இடத்தைப் பார்க்கிறார். இடதுபக்க லைட்டுக்கு முன்னால் போய் முதுகைக் கொடுத்து நின்றுகொள்கிறேன்.

"சாவியக் குடுங்க மாப்ள. லெஃப்ட்டையும் ஒரு பார்வை பாத்துடறேன்."

"இனிமே இதைத் தொடாதீங்க மச்சான்."

"என்னங்க இது... நம்ம வண்டி. நம்ம குடும்பத்துக்குள்ள..." கண் கலங்குகிறது. நிஜமாகவே கலங்குகிறது, அதுதான் கொடுமை. "வீடு போயிருமுங்க. உங்க சாரதாமணி பொறந்த வீடுங்க அது."

"நான் உள்ள போயிருந்தா அவ எந்த வீட்டுக்கு வந்திருப்பா?" என்று கேட்கிறேன். போனை எடுத்து வீடியோவைப் போட்டுக்கொண்டு சாவியை நீட்டுகிறேன். "நீங்க மேல ஏறுங்க. நான் சொல்றேன், நீங்க மிதிங்க."

"நான் ஏன்..."

"நீங்க மிதிக்கலைன்னா பரவாயில்லீங்க. சாரதாமணியக் கூப்பிடறேன். அவ வந்து மிதிக்கட்டும். சத்தத்த அவளும் கேக்கட்டும்."

சாவியை வாங்கிக்கொண்டு, லாரியின் பக்கவாட்டில் கையை ஊன்றி ஊன்றி, தன் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவர்போலப் போகிறார். கதவு சாத்தும் சத்தம். நான் நாலு அடி பின்வாங்கி நிற்கிறேன். ஓட்டிய இத்தனை வருஷத்தில் இன்னொருவர் பிரேக் மிதிக்க இந்த வண்டியை நான் இங்கிருந்து பார்த்ததில்லை. குழந்தைவேலு பார்த்தது இதுதான்: செங்காவிப் பலகை, சேறு காக்கும் ரப்பர், இரண்டு கண். வண்டியின் நிழலிலேயே விளக்கு நன்றாகத் தெரியும். "பார்க் லைட்டுப் போடுங்க," என்கிறேன். போடுகிறார். "லெஃப்ட்டுப் போடுங்க." மஞ்சள் விழித்து மூடுகிறது, பளிச்சென்று, அப்பாவியாக. "மிதிங்க." மிதிக்கிறார். மஞ்சள் சுருங்குகிறது, சிவப்பு வரப்பார்த்து வராமல் நிற்கிறது, எல்லாமாகச் சேர்ந்து அணைந்த பீடியின் நுனி அளவுக்கு ஒரு கங்கு. அவன் பொய் சொல்லவில்லை. லைட்டே எரியலீங்க. கேபினிலிருந்து அந்தப் பூச்சி அலறுவது இங்கேவரை கேட்கிறது.

"கேக்குதுங்களா மச்சான்?"

வலப்பக்க மிர்ரரில் அவர் முகத்தின் பாதி தெரிகிறது, நேராகச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சத்தம் அடித்துக்கொண்டே இருக்கிறது. விடுங்க என்று நான் இன்னும் சொல்லவில்லை.